களத்திற்கு வெளியே: ப. சிங்காரத்தின் நாவல்களும் போர்க்கால எளிய மாந்தரும்

தமிழிலக்கியத்தில் போர் ஒரு திணை. வெட்சி முதலாகப் பகுத்து, ஆநிரை கவர்தலையும் மதில் முற்றலையும் வாகை சூடலையும் துறை துறையாக எண்ணிவைத்த மரபு அது. அம்மரபில் போர்க்களம் புகாதவர்க்கும் இடமுண்டு. மகனைக் களத்திற்கு அனுப்பும் தாய் மூதின்முல்லையில் நிற்கிறாள். கணவனை இழந்தவள் கையறுநிலையிலும் தாபதநிலையிலும் நிற்கிறாள். ஆயினும் இவர்கள் அனைவரும் போரை நோக்கியே நிற்பவர்கள் என்பது கருதத்தக்கது. முதல்நாள் போரில் தமையனையும் அடுத்தநாள் கணவனையும் இழந்தும், எஞ்சிய ஒரே சிறுவனின் கையில் வேல் கொடுத்து அனுப்பும் ஒக்கூர் மாசாத்தியாரின் தாய், தன் குடியின் கடமையை நிறைவேற்றுவதாலேயே துணிவுடையவள் எனப்படுகிறாள். துணிவு என்பது அங்கு நெறியைக் காத்தல். உயிர் பிழைத்தலுக்குத் துறை ஏதும் வகுக்கப்படவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்தியாவின் கிழக்கெல்லையையும் அதற்கப்பாலும் வாழ்ந்த இந்தியரைத் தொட்டபோது இவ்விலக்கணம் பயன்படவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கின் மீதும் இரங்கூனின் மீதும் குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தன. பர்மாவிலிருந்து பல இலட்சம் இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தனர். பர்மா அரிசி நின்றது. வங்கக் கரையோரத்துப் படகுகள் பகைவர் கைக்குச் செல்லாதிருக்க வேண்டுமென அரசால் பறிக்கப்பட்டன. 1943இல் வங்காளம் பட்டினியில் வீழ்ந்தது. 1944இல் போர் நாகர்களின் மலைச் சிற்றூர்களுக்குள்ளேயே நுழைந்தது. இப்போரில் வாளேந்தாதவர்கள் களத்தின் ஓரத்தில் நின்று புலம்பியவர்கள் அல்லர். அவர்களுடைய அடுப்பும் கடையும் வயலுமே களமாயின. அவர்களைப் பற்றி எழுதப் புகுந்த நாவலாசிரியர், பிழைத்தலுக்கு ஒரு துறையைத் தாமே கண்டறிய வேண்டியிருந்தது.

தமிழில் இப்பணியைச் செய்தவர் ப. சிங்காரம். அவருடைய இரு நாவல்களில் எளிய மாந்தரின் துணிவு, காதல், பிழைப்பு ஆகியன எவ்வாறு அமைகின்றன என்பதை, அதே போரைப் பின்னணியாகக் கொண்ட ஒரு வங்காள நாவலோடும் ஓர் அசாமிய நாவலோடும் ஒப்புநோக்கிக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளம் வயதிலேயே வேலை தேடிச் சுமத்ராவின் மெடான் நகருக்குச் சென்று, போர்க்காலம் முழுவதையும் அக்கடற்பகுதியில் கழித்து, 1946இல் நாடு திரும்பினார். பின்னர் மதுரையில் நாளிதழ் ஒன்றில் பல்லாண்டு பணியாற்றி 1997இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதப்பட்ட பின்னும் பதிப்பிப்பாரின்றிப் பல ஆண்டுகள் கிடந்து 1972இல் அச்சேறியது.

இவ்விரண்டனுள் இரண்டாவதே திறனாய்வாளரின் கவனத்தை முழுமையாக ஈர்த்துக்கொண்டது. அதன் நனவோட்டம், பழந்தமிழ்ப் பாடல்வரிகளைக் கிண்டலுடன் பின்னும் நடை, மலாய், சீன, டச்சுச் சொற்கள் கலந்த துறைமுக மொழி ஆகியன மீண்டும் மீண்டும் பேசப்பட்டுள்ளன. முதல் நாவலை அதற்கான பயிற்சியெனக் கொள்வதே பொது வழக்கம். கலையாக்கத்தை மட்டும் அளவாகக் கொண்டால் இதில் தவறில்லை. ஆனால் போரில் எளியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவோடு அணுகினால் வரிசை மாறுகிறது. அவ்வினாவுக்குச் சிறிய நாவல்தான் கடினமான விடையைத் தருகிறது.

'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழையும் நாளில் தொடங்குகிறது. ஆட்சி மாறும் இடைவெளியில் நகரம் கொள்ளையிடப்படுகிறது. கொள்ளையிட்டோரின் தலைகள் பொதுவிடத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. தெருவில் நின்று பார்க்கும் பாண்டியன் அந்நாவலின் நாயகன். வட்டிக்கடைப் பணியாளனாகக் கடல் கடந்தவன், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான், ஆள் கொல்கிறான், போர் முடிந்தபின் டச்சுக்காரரை எதிர்க்கும் இந்தோனேசியரோடு இணைகிறான், ஊர் திரும்ப எண்ணிய வேளையில் அயல்மண்ணில் மடிகிறான். அவனுடைய துணிவு பெரிது. ஆயின் அது எளிய மனிதனின் துணிவன்று. எதிர்ப்படும் ஆபத்தையெல்லாம் அறிவாலும் கைவலியாலும் வெல்லும் வல்லமை அவனுக்குத் தொடக்கத்திலேயே அளிக்கப்பட்டுவிடுகிறது. தமிழ்ப் பெருமிதங்களை இடைவிடாது எள்ளி நகையாடும் ஆசிரியர், தம் நாயகனைப் படைக்கும்போது அப்பெருமிதத்தின் வீரனையே வேறு உடையில் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்று கூறத் தோன்றுகிறது. பாண்டியனை நாடிவரும் பெண்களும் அவ்வீரனுக்கு உரிய அணிகலன்களாகவே பெரும்பாலும் அமைகின்றனர்.

அந்நாவலில் எளிய மாந்தர் உயிர்பெறும் இடம் வேறு. அது, நாவலுக்குப் பெயர் தந்த கடற்பயணம். போரினால் கப்பல்கள் நின்றுபோன நிலையில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்னும் பாய்மரப் படகில் சிறு வணிகர் செல்கின்றனர். இவர்கள் நாடு மீட்கச் செல்பவர்கள் அல்லர். சரக்குக் கொண்டுபோய் விற்று நாலு காசு காணச் செல்பவர்கள். மலாக்கா நீரிணையில் புயல் பிடித்துக்கொள்கிறது. தமிழ் உரைநடையில் இயற்கைச் சீற்றம் இவ்வளவு உடல்வழி அனுபவமாக எழுதப்பட்ட பக்கங்கள் மிகச் சிலவே. இப்பகுதியில் பாண்டியனும் மற்றவரைப் போல ஒருவனே. அவனுடைய அறிவுக்கும் கைவலிக்கும் அங்கு வேலையில்லை. வீரத்தைப் பறித்துவிட்ட இடத்தில்தான் சிங்காரத்தின் மனிதர்கள் மெய்யான அச்சத்தையும் அச்சத்தைத் தாங்கும் வலிமையையும் பெறுகின்றனர். புயல் ஓய்ந்ததும் அவர்களுடைய முதற் கவலை சரக்கைப் பற்றியதே. இதைச் சிறுமை என்று ஆசிரியர் காட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

பேரேடு வென்ற காதல்

'கடலுக்கு அப்பால்' நாவலின் களம் பினாங்கு. வட்டிக்கடை நடத்தும் வானாயீனா என்னும் வயிரமுத்துப் பிள்ளை, அவர் மனைவி காமாட்சியம்மாள், மகள் மரகதம், கடையில் வளர்ந்து உயர்ந்த செல்லையா ஆகியோரைச் சுற்றிக் கதை இயங்குகிறது. செல்லையாவுக்கும் மரகதத்துக்கும் காதல். போருக்கு முன் முதலாளியின் கருத்தும் அத்திசையிலேயே இருந்தது. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்துகிறான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைகிறது. உயிரோடு திரும்பும் செல்லையாவுக்கு மகளைத் தர வானாயீனா மறுத்துவிடுகிறார்; கடைக்கு ஏற்றவனென நாகலிங்கத்தைத் தேர்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனி வட்டித் தொழிலுக்கு ஆகாது என்பது அவர் முடிவு.

கதை இவ்வளவே. போர் நாவலொன்றில் குண்டுவீச்சுக்கும் படைநடைக்கும் பின்னர் உச்சமாக அமைவது, கடையில் அமர்ந்து ஒருவர் சொல்லும் மறுப்பு. இவ்விகிதம் தற்செயலன்று. செல்லையா கடக்க முடிந்தவை பல: கடல், பட்டாளம், தோல்வி, மரணம். கடக்க முடியாதது ஒரு கணக்குப்பிள்ளையின் மேசை.

வானாயீனாவை இரக்கமற்ற தந்தை என்று ஒதுக்கிவிட்டால் நாவல் சாதாரணக் காதல் தோல்விக் கதையாகச் சுருங்கிவிடும். அவரும் போரில் பிழைத்தவர் என்பதை மறத்தலாகாது. மலாயாவின் வட்டித் தொழிலுக்குப் போர் என்ன செய்தது என்பதை வரலாறு தெளிவாகக் கூறுகிறது. ஜப்பானியர் அச்சிட்ட நாணயத்தாள்கள், வாழைமரப் படத்தால் வாழைமர நோட்டு எனப்பட்டவை, நாளுக்கு நாள் மதிப்பிழந்தன. பழைய நல்ல பணத்தில் வாங்கிய கடனைப் பலர் இந்த நோட்டுகளால் அடைத்தனர். போர் முடிந்து பிரித்தானியர் திரும்பியதும் அந்நோட்டுகள் செல்லாதவையாயின. கடன் கொடுத்துப் பிழைப்பவனுக்குப் பணமே இறந்துபோவதைவிடப் பேரழிவு வேறில்லை. இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால், வானாயீனா மருமகனைத் தேடவில்லை. ஐந்தொகை சரிபார்க்கக்கூடிய ஓர் ஆளைத் தேடுகிறார் என்பது புலப்படும். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியாகப் பணிவைக் கற்றுத் தரும் கடைமுறையே அவருக்குத் தெரிந்த ஒரே காப்பு. அம்முறைக்கு வெளியே சென்று, பிறர் ஆணையிடவும் ஆணைக்கு உட்படவும் வேறொரு பள்ளியில் கற்றுவந்தவன் செல்லையா. அவனுடைய துணிவுதான் அவனைத் தகுதியற்றவன் ஆக்குகிறது.

இங்குதான் மூதின்முல்லையின் இலக்கணம் தலைகீழாகிறது. புறப்பாடலில் குடி தன் வீரனுக்காகப் பெருமைப்படுகிறது. சிங்காரத்தின் நாவலில் குடி தன் வீரனைக் கண்டு அஞ்சுகிறது. படைக்குப் போய் வந்தவனைப் பேரேட்டில் எந்தப் பற்றில் எழுதுவது என்று அதற்குத் தெரியவில்லை. வானாயீனாவின் அச்சம் நியாயமற்றது என்று நாவல் எங்கும் தீர்ப்புக் கூறவில்லை. அதுவே அதன் வலிமை. அவரை வில்லனாக்கியிருந்தால் 1959இன் வாசகர் மகிழ்ந்திருப்பர். அக்காலத் திரைப்படமும் அதைத்தான் செய்திருக்கும்.

மரகதத்தைப் பற்றி இவ்வாறு நிறைவுடன் பேச இயலவில்லை. தந்தையின் முடிவை மீறாது பணியும் அவளுடைய துயரம் வாசகனைத் தொடுகிறது. ஆயினும் அவள் பணிவதற்கான காரணத்தை அவள் உள்ளத்திலிருந்து நாவல் கூறுவதில்லை. செல்லையாவின் இழப்பாகவே அவளைக் காண்கிறது. அவள் வயதையொத்த தமிழ்ப் பெண்கள் பலர், பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், 1943இல் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பயிற்சி பெற்றனர். தோட்டத் தொழிலாளியின் மகளுக்குத் திறந்த கதவு வட்டிக்கடை முதலாளியின் மகளுக்கு ஏன் திறக்கவில்லை? இழப்பதற்குச் சொத்துள்ள குடும்பம் தன் பெண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டது என்பதே விடையாகலாம். நாவல் இவ்வினாவை எழுப்பியிருந்தால் மரகதத்தின் பணிவும் ஒரு கணக்கின் பகுதியாகத் தெளிந்திருக்கும். கணவருடன் முரண்பட்டுச் செல்லையாவின் பக்கம் நிற்கும் காமாட்சியம்மாளின் குரலில் அதன் சாயல் சிறிது கேட்கிறது.

நெறி உடையும் நேரம்

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'அசனி சங்கேத்' (இடிமின்னலின் அறிகுறி) 1940களின் நடுவில் இதழில் தொடராக வந்து, ஆசிரியர் மறைந்தபின் 1959இல் நூலாயிற்று. தமிழ் வாசகர் இக்கதையைப் பெரும்பாலும் 1973இல் சத்யஜித் ராய் எடுத்த திரைப்படத்தின் வழியே அறிவர். இந்நாவலில் ஒரு படைவீரனும் இல்லை. ஒரு குண்டும் வெடிப்பதில்லை. சிங்கப்பூர் எங்கிருக்கிறது என்பதே அச்சிற்றூரில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. போர் அவர்களுக்கு அரிசியின் விலையாக மட்டுமே வந்து சேர்கிறது.

கங்காசரண் அவ்வூரில் குடியேறிய ஒரே பிராமணன். பாடம் சொல்லியும் பூசை செய்தும் சிறிது மருத்துவம் பார்த்தும், தன் சாதியின் மதிப்பைச் சற்றே தந்திரத்துடன் பயன்படுத்திப் பிழைப்பவன். அரிசி மறையத் தொடங்கியதும் அம்மதிப்புக்கு விலையில்லாமற் போகிறது. அவன் மனைவி அனங்காவே நாவலின் நடுநாயகம். தனக்கில்லாத வேளையிலும் வாசலில் வந்து நிற்கும் முதிய துர்க்கா பட்டாச்சாரியருக்கு அவள் இலை போடுகிறாள். விருந்தோம்பலைக் குடும்ப அறத்தின் தலையாய கூறாகக் கண்ட தமிழ் மரபு இவளை எளிதில் இனங்காணும். ஆயின் அனங்கா நெறியைக் காப்பவள் மட்டுமல்லள், உடைப்பவளும் ஆவாள். குலப்பெண் செய்யத் தகாதெனக் கருதப்பட்ட நெல்குத்தும் வேலைக்கு அரிசிக்காகச் செல்கிறாள். அண்டைவீட்டுக் காபாலிக் குடும்பத்து இளையவள் பசி தாங்காமல் அரிசிக்காகத் தன் உடலைத் தரத் துணிகிறாள். அனங்கா அவள்பால் கொண்ட அன்பை விலக்கிக்கொள்வதில்லை. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த மோத்தி அவ்வூரில் பட்டினியால் சாகும் முதல் உயிர். பசியால் மனிதர் சாகக்கூடும் என்பதை ஊர் அன்றுதான் நம்புகிறது.

1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் மாண்டவர் ஏறத்தாழ 30 இலட்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அத்தொகையை எந்த நாவலும் தாங்காது. விபூதிபூஷண் ஒரு சாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்முன் சாதியும் கற்பும் கௌரவமும் எவ்வாறு ஒவ்வொன்றாகப் பின்வாங்குகின்றன என்று காட்டுகிறார். பினாங்கில் கணக்கேடு நிலைத்தது. வங்கச் சிற்றூரில் அத்தகைய எதுவும் நிலைக்கவில்லை. எனவே வங்க நாவலில் அன்பு நெறியை மீறி வெல்கிறது என்றும், தமிழ் நாவலில் நெறிக்குப் பணிந்து தோற்கிறது என்றும் கூறிவிடலாம்போல் தோன்றும். இம்முடிவு அவசரமானது.

இரு நாவல்களும் காலத்தின் வெவ்வேறு புள்ளிகளில் முடிகின்றன. 'அசனி சங்கேத்' பஞ்சத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. பசி ஆறியபின், அறுவடை வந்தபின், காபாலிக் குடும்பத்து இளையவளை அவ்வூர் என்ன செய்தது என்று வாசகனுக்குத் தெரியாது. நெல்குத்திய பிராமணப் பெண்ணைப் பற்றி என்ன பேசினார்கள் என்றும் தெரியாது. 'கடலுக்கு அப்பால்' நாவலோ பசியும் குண்டும் ஓய்ந்த மறுநாளை எடுத்துக்கொள்கிறது. உடைந்த நெறிகள் மீண்டும் தம் நாற்காலியில் வந்து அமரும் நாள் அது. வங்க நாவலின் நம்பிக்கை, அது எங்கே நிறுத்துகிறது என்பதில் ஒரு பகுதி அடங்கியுள்ளது.

மறுநாளுக்கும் அடுத்த நாளைக் காட்டுவது பீரேந்திர குமார் பட்டாச்சார்யாவின் 'இயாருயிங்கம்'. 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இவ்வசாமிய நாவல், மணிப்பூரின் உக்ருல் பகுதியில் வாழும் தாங்குல் நாகர்களைப் பற்றியது. ஆசிரியர் அங்கு ஆசிரியப்பணி புரிந்தவர். 1944இல் அம்மலைகளில் ஜப்பானியப் படை நுழைந்து பின்வாங்கியதற்குப் பிந்திய காலமே நாவலின் பெரும்பகுதி. ஷரெங்லா என்னும் பெண், படையெடுப்பின்போது இஷேவரா என்னும் ஜப்பானிய வீரனுடன் வாழ நேர்ந்தவள். அவன் போய்விட்டான்; அவள் எஞ்சினாள். ஊர் அவளை ஒதுக்குகிறது. அவள் மீது அவன் செலுத்தியது வன்முறையா, அன்பா என்னும் வினாவை நாவல் ஒரே சொல்லில் முடித்துவிடாதிருப்பது பாராட்டத்தக்கது. அன்பின் நினைவும் இழிவின் நினைவும் அவளுள் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன. ஆனால் ஊருக்கு இந்நுட்பம் தேவைப்படவில்லை. அவள் பிழைத்திருப்பதே அவள் மீதான குற்றச்சாட்டு.

ஷரெங்லாவையும் செல்லையாவையும் அருகருகே நிறுத்திப் பார்த்தல் பயனுடையது. ஒருத்தி பகைவனோடு வாழ்ந்தவள். ஒருவன் நாட்டுக்காகப் படை சேர்ந்தவன். இழிவும் புகழும் என எதிரெதிர்ப் பெயர்கள் பெறத்தக்க இருவரும் வீடு திரும்பியபின் ஒரே நிலையை அடைகின்றனர். போர் அவர்களைத் தொட்டுவிட்டது. தொடப்படாதவர்கள் தங்களுக்குள் நெருங்கி அமர்ந்துகொள்கின்றனர். இவ்விருவரின் மெய்யான துணிவு போரின்போது வெளிப்பட்டதன்று. தங்களை ஏற்காத ஊரில் மறுநாள் காலை எழுந்து நடமாட வேண்டியிருப்பதே அது. அசாமிய நாவல் இத்துணிவைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்கிறது. ஷரெங்லாவுக்கு ஆதரவாக நிற்கும் ரிஷாங் போன்ற இளைஞரையும், அரசியல் எதிர்காலம் குறித்த விவாதங்களையும் உடன் சேர்த்துக்கொள்கிறது. அவ்விவாதங்கள் சில இடங்களில் நீண்டு அவளை மறைத்துவிடுகின்றன.

சிங்காரம் அவ்வளவு தூரம் செல்வதில்லை. செல்லையாவின் துயரத்திற்குத் துணையாக அவர் அளிப்பவன் மாணிக்கம். இரு நாவல்களிலும் வரும் இந்நண்பன் நிறையப் படித்தவன். கண்ணகியையும் மாதவியையும் மேற்கோளாக எடுத்துப் பேசுபவன். காதல் தோல்வியில் நிற்கும் நண்பனுக்கு அவன் சிலப்பதிகாரத்தைக் கொண்டு ஆறுதல் கூறுகிறான். அப்பேச்சைச் சிங்காரத்தின் பழந்தமிழ்ப் புலமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். புலமை உண்மையே. எனினும் அவ்வுரையாடலின் சூழல் கவனத்திற்குரியது. போரிலிருந்து மீண்டு, கடையும் காதலும் இழந்து, எங்கே செல்வது என்றறியாது நிற்கும் ஒருவனிடம் மரபு நீண்ட நேரம் பேசுகிறது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.